மூடிக் கிடக்கும் கணினி அறைகளும் ஒரு சிறிய பெட்டியும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளைப் பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே, 2018ஆம் ஆண்டுக்கு முன் வாங்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை ஒரே நாளில் பழையவை ஆகிவிட்டன. அவற்றின் திரை ஒளிர்கிறது, விசைப்பலகை இயங்குகிறது, செயலியும் நன்றாகவே இருக்கிறது. பாதுகாப்புப் புதுப்பிப்பு மட்டும் வராது.

பெரிய நிறுவனங்கள் புதிய கணினிகளை வாங்கி இந்தச் சிக்கலைக் கடந்துவிடும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இருக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளியோ, கிளை நூலகமோ, சிறிய கல்லூரியோ என்ன செய்யும்? பெரும்பாலும் அறையைப் பூட்டிவிடும். இவ்விரு மாவட்டங்களிலும் கணினி ஆய்வகங்களை அமைத்துப் பராமரிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அப்படிப் பூட்டப்பட்ட அறைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். உள்ளே இருபது கணினிகள் இருக்கும். அவற்றில் நான்கு இயங்கும். அந்த நான்கையும் சுற்றி நாற்பது மாணவர்கள் நிற்பார்கள். அறையைத் திறக்காமலிருக்க ஆசிரியருக்கு அதுவே போதுமான காரணமாகிவிடுகிறது.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. அது புதியதல்ல; பல பத்தாண்டுகள் பழைமையானது. 'தின் கிளையன்ட்' என்பது அதன் பெயர். அது என்ன, எப்படி இயங்குகிறது, எங்கே பயன்படும், எங்கே பயன்படாது, எப்படிப் பராமரிப்பது என்பதைப் பொதுவாசகர்களும் அறிந்திருப்பது நல்லது. ஏனெனில், கணினி வாங்குவது குறித்த முடிவுகளைப் பெரும்பாலும் எடுப்பவர்கள் தலைமையாசிரியர்கள், கல்லூரிச் செயலர்கள், உள்ளாட்சிப் பிரதிநிதிகள் போன்றோரே; வல்லுநர்கள் அல்லர்.

ஒரு சமையலறை, இருபது இலைகள்

வழக்கமான கணினி அறையில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு முழுமையான கணினி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிச் செயலி, தனி நினைவகம், தனி ஹார்டு டிஸ்க், தனி இயங்குதளம். ஒவ்வோர் இலைக்கு அருகிலும் ஓர் அடுப்பு வைத்துச் சமைப்பதைப் போன்றது இது. தின் கிளையன்ட் முறையில் சமையலறை ஒன்றுதான். அறையின் ஒரு மூலையில் வலுவான கணினி ஒன்று இருக்கும், அதுவே சர்வர். மேசைகளில் திரை, விசைப்பலகை, மவுஸ், அவற்றை இணைக்கும் உள்ளங்கை அளவிலான பெட்டி ஆகியவை மட்டுமே இருக்கும். மாணவர் தட்டும் எழுத்து கேபிள் வழியே சர்வருக்குச் செல்கிறது. சர்வர் கணக்கிட்டு முடித்த திரைக்காட்சி அதே கேபிள் வழியே திரும்பி வருகிறது.

ரயில் நிலையங்களின் முன்பதிவு மையங்களில் 1980களின் பிற்பகுதியில் பயணச்சீட்டு எடுத்தவர்களுக்குக் கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓடியது நினைவிருக்கும். 1985இல் டெல்லியில் தொடங்கிய கணினி முன்பதிவு முறையில், சாளரத்தின் பின்னால் இருந்தது வெறும் முனையம்தான். கணக்கிட்டது எங்கோ ஓர் அறையிலிருந்த பெரிய கணினி. பின்னர் தனிக்கணினிகள் மலிவாகியதும் அந்த முறை பின்தள்ளப்பட்டது. 1990களில் அது மீண்டும் வந்தது. ஆரக்கிள் நிறுவனத்தில் 1993ஆம் ஆண்டு வாக்கில் 'தின் கிளையன்ட்' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. 1998இல் மைக்ரோசாஃப்ட், பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தத்தக்க 'டெர்மினல் சர்வர்' பதிப்பை வெளியிட்டது. 1999இல் சன் நிறுவனத்தின் 'சன் ரே' முனையங்கள் வெளிவந்தன. அதே ஆண்டில் ஜிம் மெக்குவில்லன் என்பவர் கட்டற்ற மென்பொருளாக 'லினக்ஸ் டெர்மினல் சர்வர் ப்ராஜெக்ட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். உலகின் பல நாடுகளில் பள்ளிகள் அதைப் பயன்படுத்துகின்றன.

அரசுப் பள்ளிகளுக்கான பெருந்திட்டங்களிலும் இம்முறை இடம்பெற்றது. 2007இல் மாசிடோனியா அரசு, நாட்டிலுள்ள பள்ளி மாணவர்களுக்காகத் திட்டமிட்ட 1,80,000 கணினி இருக்கைகளில் 1,60,000 இருக்கைகளை என்கம்ப்யூட்டிங் நிறுவனத்தின் முனையங்களைக் கொண்டு அமைக்க முடிவெடுத்தது. முழுக் கணினிகள் 20,000 மட்டுமே. 2008இல் ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேச அரசும் 5,000 அரசுப் பள்ளிகளுக்கு அதே நிறுவனத்தின் முனையங்களைத் தேர்ந்தெடுத்தது. தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டபோது, ஓர் அறைக்கு 10 அல்லது 20 கணினிகள் என்ற அளவே பின்பற்றப்பட்டது. ஒரு சர்வர் எளிதாகத் தாங்கக்கூடிய எண்ணிக்கையும் இதுவே.

இரண்டு வகைகள்

இம்முறையில் இரண்டு வகைகள் உண்டு; இவற்றைக் குழப்பிக்கொண்டால் வாங்கும் பொருள் தவறாகிவிடும். முதல் வகையில் எல்லா வேலையையும் சர்வரே செய்கிறது. முனையம் படத்தைக் காட்டுவதோடு சரி. இதற்குச் சிறிய பெட்டிகள் போதும். ஆனால், சர்வர் வலுவாக இருக்க வேண்டும். ஒரு மாணவர் உலாவியில் இரண்டு மூன்று பக்கங்களைத் திறந்து வைத்தாலே ஏறத்தாழ ஒன்றேகால் ஜிபி நினைவகம் செலவாகும். இருபது பேருக்கு 25 ஜிபி. சர்வரின் சொந்தத் தேவைக்கு 4 ஜிபி. ஆகவே, 32 ஜிபி நினைவகம் குறைந்தபட்சத் தேவை. 8 ஜிபி உள்ள சாதாரணக் கணினியைச் சர்வராக்கி இருபது முனையங்களை இணைத்துவிட்டு, 'இந்த முறையே மெதுவானது' என்று குறை கூறுவதில் பொருளில்லை.

இரண்டாம் வகையில் முனையத்துக்குத் தன் சொந்த ஹார்டு டிஸ்க் மட்டும் கிடையாது. இயங்குதளமும் கோப்புகளும் சர்வரில் இருக்கும். கணக்கீட்டை முனையத்தின் செயலியே செய்துகொள்ளும். மின்சாரம் வந்ததும் முனையம் பிணையத்தில் 'என் முகவரி எது, நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?' என்று கேட்கும். சர்வர் விடை அனுப்பும். பிறகு இயங்குதளம் கேபிள் வழியே வந்து முனையத்தின் நினைவகத்தில் ஏறும். 2019இல் புதிதாக எழுதப்பட்ட 'லினக்ஸ் டெர்மினல் சர்வர்' மென்பொருள் இயல்பாக இந்த வகையையே பின்பற்றுகிறது.

பூட்டிக் கிடக்கும் அறைகளுக்கு விடை இந்த இரண்டாம் வகையில் இருக்கிறது. பழைய மேசைக்கணினிகளில் முதலில் பழுதாவது பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்தான். அதைக் கழற்றி எடுத்துவிட்டால் எஞ்சியிருக்கும் செயலி, நினைவகம், பிணைய அட்டை ஆகியவையே நல்ல முனையமாக அமைந்துவிடும். 4 ஜிபி நினைவகம் கொண்ட, பத்து ஆண்டு பழைய கணினிகளை இம்முறையில் நான் இணைத்திருக்கிறேன். எழுத்துப்பணி, இணையம், நிரலாக்கம் ஆகியவற்றில் மாணவர்கள் எந்தக் குறையையும் உணர்வதில்லை. புதிதாக வாங்க வேண்டியவை ஒரு சர்வர், ஒரு நல்ல ஸ்விட்ச், கேபிள்கள் ஆகியவை மட்டுமே. இருபது கணினிகள் மின்கழிவாவதும் தவிர்க்கப்படுகிறது.

கடல் விட்டுச்சென்ற தூசு

கணினியின் ஆயுளை முடிவு செய்வதில் அது இருக்கும் ஊருக்கும் பங்குண்டு. அரியலூர் வட்டாரம் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் இருந்த நிலம். அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று இம்மாவட்டத்தின் பெருந்தொழிலுக்கு அடிப்படை. 1979 முதல் இயங்கும் அரசு சிமென்ட் ஆலையோடு தனியார் ஆலைகளும் இங்கே இருக்கின்றன. சுரங்கங்களிலிருந்து ஆலைகளுக்குச் செல்லும் லாரிகளின் சாலையோரத்தில் உள்ள பள்ளிகளில், துடைத்த மேசை மறுநாளே வெளுத்திருக்கும். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோள அறுவடைக் காலத்தில் சாலையிலும் களத்திலும் கதிரடிக்கும்போது எழும் உமித்தூசு வேறு.

மேசைக்கணினியின் உள்ளே இரண்டு மின்விசிறிகளாவது இருக்கும். அவை காற்றோடு தூசையும் உள்ளே இழுக்கின்றன. செயலியின் மேலுள்ள உலோகத் தகடுகளுக்கிடையே தூசு அடைத்துக்கொண்டால் வெப்பம் வெளியேறாது. கணினி மெதுவாகும், பிறகு தானாகவே அணைந்துவிடும். மழைக்காலத்தில் ஈரம் சேர்ந்தால் அந்தத் தூசு படலமாக ஒட்டிக்கொள்கிறது. தின் கிளையன்ட் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்விசிறி கிடையாது; சுழலும் ஹார்டு டிஸ்கும் கிடையாது. அசையும் பாகம் எதுவும் இல்லாததால் தூசும் வெப்பமும் அவற்றை எளிதில் வீழ்த்துவதில்லை. காப்பாற்ற வேண்டியது சர்வர் என்ற ஒரே பெட்டியை மட்டும்தான்.

மின்சாரக் கணக்கும் இதற்குச் சாதகமானது. ஒரு மேசைக்கணினி, திரை நீங்கலாக, 80 வாட் எடுப்பதாகக் கொள்வோம். இருபதுக்கு 1,600 வாட். சிறு முனையம் 10 வாட் எடுத்தால் இருபதுக்கு 200 வாட். சர்வருக்கு 250 வாட். மொத்தம் 450 வாட். வித்தியாசம் 1,150 வாட். நாளொன்றுக்கு 5 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாட்கள் எனில் 1,150 யூனிட் மிச்சமாகும். பழைய கணினிகளையே முனையமாக்கினால் இந்த மிச்சம் முழுமையாகக் கிடைக்காது. புதிய சிறு பெட்டிகளுக்கே இது பொருந்தும். கட்டணத்தைவிட முக்கியமானது மின்தடையின்போது தெரியவரும். திரைகளுக்கு 400 வாட் சேர்த்தாலும் மொத்தச் சுமை 2,000 வாட்டிலிருந்து 850 வாட்டாகக் குறைகிறது. அரை மணி நேரத்தில் ஓய்ந்துபோகும் யுபிஎஸ், அதே பேட்டரிகளுடன் ஒரு பாடவேளை முழுவதையும் தாங்கும்.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

இம்முறையின் உயிர் கேபிளில் இருக்கிறது. அனைத்து முனையங்களும் சர்வரை நம்பியிருப்பதால் ஸ்விட்ச் கிகாபிட் வேகத்தில் இருப்பது கட்டாயம். கேட் 6 கேபிள்களைக் குழாயினுள் அல்லது மூடிய பட்டையினுள் செலுத்த வேண்டும்; திறந்து கிடக்கும் கேபிளை எலியும் அணிலும் விட்டுவைப்பதில்லை. கேபிளின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை ஒட்டிவைப்பது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாத அறையில் ஒரு பழுதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகும். வைஃபை வழியே முனையங்களைத் தொடங்க வைக்கும் முயற்சியைக் கைவிடுவதே நல்லது.

சர்வரில் சுழலும் ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்த வேண்டும். இருபது பேர் ஒரே நேரத்தில் உள்நுழையும் முதல் இரண்டு நிமிடங்களில் வேறுபாடு கண்கூடாகத் தெரியும். ஒரே தகவலை ஒரே நேரத்தில் எழுதிக்கொள்ளும் இரு டிஸ்குகளை அமைத்தால், ஒன்று பழுதானாலும் வகுப்பு நிற்காது. சர்வரைத் தரையில் வைக்கக் கூடாது. காற்றோட்டமில்லாத மர அலமாரிக்குள் வைத்துப் பூட்டவும் கூடாது. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், சாலைப்பக்கச் சன்னலுக்கு எதிர்ச்சுவரோரம் வைப்பது பொருத்தம்.

அடுத்தது எர்த். பல அறைகளில் மூன்றாவது கம்பி பெயரளவுக்கே இருக்கிறது. கரிசல் மண் கோடையில் வெடிப்பு விடும். எர்த் குழியில் உலோகத்துக்கும் மண்ணுக்கும் இடையிலான தொடர்பு தளர்ந்துவிடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். கோடை மாதங்களில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பள்ளித் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் வேலையோடு சேர்த்துவிடலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடி மின்னல் தொடங்கினால், இணையம் வரும் கேபிளை மோடத்திலிருந்து கழற்றிவிடுவது ஸ்விட்சைக் காப்பாற்றும்.

மென்பொருள் உரிமம் இன்னொரு பொறி. விண்டோஸ் சர்வரைப் பலர் பகிர்ந்து பயன்படுத்த, சர்வர் உரிமத்தோடு ஒவ்வொரு பயனருக்கும் அல்லது முனையத்துக்கும் தனித்தனி அணுகல் உரிமங்கள் வாங்க வேண்டும். சாதாரண விண்டோஸில் குறுக்குவழியில் பலரை உள்நுழைய விடும் மென்பொருள்களைச் சில விற்பனையாளர்கள் பொருத்தித் தருகிறார்கள்; அது உரிம விதிகளுக்கு முரணானது. ஒரு புதுப்பிப்பு வந்ததும் அது செயலிழந்து மொத்த அறையும் முடங்கும். லினக்ஸில் இந்தச் செலவு இல்லை. சி-டாக் நிறுவனத்தின் 'பாஸ்' இயங்குதளம் தமிழ் இடைமுகத்துடன் கிடைக்கிறது. அரசு வழங்கிய மடிக்கணினிகள் வழியே அது மாணவர்களுக்கு அறிமுகமானதும்கூட. தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் என இருக்கும் பாடங்கள் இரண்டையும் லினக்ஸில் தடையின்றி நடத்தலாம்.

பராமரிப்பு என்பது நாட்காட்டி

இருபது கணினிகளில் ஒரு மென்பொருளை நிறுவ இருபது முறை உழைக்க வேண்டும். இம்முறையில் ஒருமுறை போதும். வைரஸ், தவறுதலாக அழிந்த கோப்பு, மாறிப்போன அமைப்பு ஆகியவை தனித்தனியே இருபது இடங்களில் நிகழ்வதில்லை. ஆனால், இதன் மறுபக்கமும் உண்டு. சர்வர் நின்றால் இருபது இருக்கைகளும் நிற்கும். எனவே, பழுது வந்தபின் ஓடுவதற்குப் பதிலாக நாள் குறித்துச் செய்யும் பராமரிப்பே இங்கே தேவை.

வாரம் ஒருமுறை மாணவர்களின் கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுக்க வேண்டும். அந்த டிஸ்க் அதே அறையில் இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை சர்வரை அணைத்து, வெளியே எடுத்துச் சென்று, புளோயரால் தூசை ஊதி நீக்க வேண்டும். அறைக்குள்ளேயே ஊதினால் தூசு இடம் மாறுமே தவிர வெளியேறாது. யுபிஎஸ் பேட்டரிகளில் டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பார்க்க வேண்டும். அரையாண்டுத் தேர்வு விடுமுறையிலும் மே மாதத்திலும் மட்டும் இயங்குதளத்தின் பெரிய மாற்றங்களைச் செய்யலாம்; பாதுகாப்புப் புதுப்பிப்புகளை அதுவரை தள்ளிப்போடக் கூடாது. பெரிய மாற்றம் எதற்கும் முன், நன்றாக இயங்கும் நிலையை முழுமையாக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி நான்கு காரணங்களுக்குள் அடங்கிவிடும். முதலாவது, நாணயம் அளவிலான சிஆர் 2032 பேட்டரி. பழைய கணினியின் மதர்போர்டில் நேரத்தைக் காக்கும் இது தீர்ந்துவிட்டால் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போகும். பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும். 'பிணையத்திலிருந்து தொடங்கு' என்ற அமைப்பும் மறைந்துபோகும். சில பத்து ரூபாய்ப் பொருளுக்காகக் கணினியைப் பழுது என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். இரண்டாவது, யாரோ ஒரு கேபிளின் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிடுவது. தகவல் வட்டமடித்து மொத்தப் பிணையமும் திணறும்.

மூன்றாவது, இணையத்துக்காக யாராவது கொண்டுவந்து இணைக்கும் இன்னொரு வைஃபை ரவுட்டர். முனையங்கள் முகவரி கேட்கும்போது சர்வருக்கு முன்பாக அந்த ரவுட்டர் விடை சொல்லிவிடும். முனையங்கள் தொடங்க வேண்டிய இடம் தெரியாமல் நிற்கும். நான்காவது, மாறிப்போன அடாப்டர். 12 வோல்ட் பெட்டியில் 19 வோல்ட் அடாப்டரைச் செருகினால் பெட்டி வீணாகும். முனை மட்டும் கச்சிதமாகப் பொருந்தும் என்பதுதான் வேதனை. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தால், அறுபது, எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சியிலிருந்து ஒருவர் வரும்வரை வகுப்பு காத்திருக்க வேண்டியதில்லை.

பாதுகாப்பு குறித்தும் ஒரு சொல். வீட்டிலிருந்தே சர்வரைப் பார்க்கலாம் என்பதற்காக, தொலைநிலை அணுகலுக்கான 3389 என்ற வாயிலை இணையத்துக்குத் திறந்து வைப்பது பெரும் ஆபத்து. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கும்பல்கள் அந்த வாயிலைத்தான் இடைவிடாமல் தட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் பயனர் பெயர், நிர்வாகிக்கு மட்டும் தனிக் கடவுச்சொல் என்பதில் சமரசம் கூடாது.

எங்கே பொருந்தாது?

இம்முறையை எல்லா நோய்க்குமான மருந்தாக நான் முன்வைக்கவில்லை. எளிய கணக்கு ஒன்று: 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில், விநாடிக்கு 30 சட்டகங்கள் வீதம் காணொளியைச் சுருக்காமல் அனுப்பினால் விநாடிக்கு ஏறத்தாழ 1.5 கிகாபிட் தேவை. ஒரு திரைக்கே கிகாபிட் கேபிள் போதாது. சுருக்கி அனுப்பினால் சர்வரின் செயலிக்குச் சுமை கூடும். எனவே, முதல் வகை முனையங்களில் இருபது மாணவர்கள் இருபது காணொளிகளைப் பார்க்க முயன்றால் காட்சி திக்கும். பாடக் காணொளிகளே முதன்மைத் தேவை என்றால் இரண்டாம் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அல்லது காணொளியைப் புரொஜெக்டரில் அனைவருக்கும் ஒன்றாகக் காட்டிவிடலாம். முப்பரிமாண வரைகலை, காணொளித் தொகுப்பு, பொறியியல் வடிவமைப்பு ஆகியவற்றுக்குத் தனிக்கணினிகளே ஏற்றவை. விண்டோஸில் மட்டும் இயங்கும் கணக்கியல் மென்பொருள் கட்டாயம் என்றால், அதற்கெனச் சில விண்டோஸ் கணினிகளைத் தனியே வைத்துக்கொள்வது விவேகம்.

ஆசிரியர்களிடம் உள்ள தயக்கமும் நியாயமானதே. பழகிய திரை மாறும்போது முதல் மாதம் சிரமமாகத்தான் இருக்கும். 'ஒரு சர்வர் போனால் எல்லாம் போய்விடுமே' என்று ஒரு தலைமையாசிரியர் என்னிடம் கேட்டார். உண்மைதான். அதனால்தான், புதுச் சர்வருக்கான தொகையை முழுவதும் ஒரே இயந்திரத்தில் போடாமல், சற்றே எளிய இரண்டு இயந்திரங்களாக வாங்கி, இரண்டாவதை அதே அமைப்போடு தயாராக வைத்திருக்குமாறு நான் பரிந்துரைக்கிறேன். கேபிளை மாற்றிச் செருகினால் பத்து நிமிடங்களில் வகுப்பு தொடரும். இருபது தனிக்கணினிகளில் பதினாறு மெல்லச் சாகும்போது யாரும் கூச்சல் போடுவதில்லை. ஒரு சர்வர் நின்றால் உடனே தெரிந்துவிடுகிறது. உடனே தெரிவது ஒருவகையில் நன்மையே.

யார் பொறுப்பு?

தொழில்நுட்பத்தைவிடக் கடினமான கேள்வி, பொறுப்பு யாருடையது என்பது. ஒப்பந்தப்புள்ளிகளில் செயலியின் வேகமும் நினைவகத்தின் அளவும் பக்கம் பக்கமாக எழுதப்படுகின்றன. உத்தரவாதக் காலம் முடிந்தபின் ஒரு கேபிளை மாற்ற யார், எந்தத் தலைப்பில், எவ்வளவு செலவிடலாம் என்பது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. சில நூறு ரூபாய்ச் செலவுக்கு அனுமதி கிடைக்காமல், பல இலட்ச ரூபாய் மதிப்புள்ள அறைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடப்பது இதனால்தான்.

அண்டை மாநிலமான கேரளத்தில் கற்றுக்கொள்ளத்தக்க ஒரு முன்மாதிரி உண்டு. அங்கே 'ஐடி@ஸ்கூல்' திட்டம் 2001இல் தொடங்கியது; பள்ளிக் கணினிகள் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. திட்டத்தின் வாரிசான 'கைட்' நிறுவனம் 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்களைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற மாணவர்களே பள்ளியின் கணினிக் கருவிகளைப் பேணுவதில் ஆசிரியர்களுக்கு உதவுகிறார்கள். நம் பள்ளிகளில் சாரணர் இயக்கமும் நாட்டு நலப்பணித் திட்டமும் இருப்பதுபோல, ஒவ்வோர் ஆய்வகத்துக்கும் நான்கைந்து மாணவர் கொண்ட பராமரிப்புக் குழுவை அமைக்க முடியும். கேபிளில் முனை பொருத்தவும், பேட்டரி மாற்றவும், பதிவேட்டில் பழுதைக் குறித்து வைக்கவும் பதினான்கு வயது மாணவியால் முடியும். அது அவருக்குப் பாடப்புத்தகம் தராத கல்வியாகவும் அமையும்.

மாவட்ட அளவில் செய்யத்தக்கவை மூன்று. முதலாவதாக, பூட்டியுள்ள அறைகளில் எத்தனை கணினிகள் இருக்கின்றன, அவற்றில் ஹார்டு டிஸ்க் தவிர மற்றவை இயங்குபவை எத்தனை என்ற கணக்கெடுப்பு. இதை ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடலாம். இரண்டாவதாக, பெரம்பலூரிலும் அரியலூரிலும் தலா ஓர் உதிரிப்பொருள் கிடங்கு. முனையங்கள் நான்கைந்து, அடாப்டர்கள், ஒரு ஸ்விட்ச், ஒரு மாற்றுச் சர்வர் ஆகியவை இருந்தாலே பெரும்பாலான பழுதுகளை ஒரே நாளில் நீக்கிவிடலாம். மூன்றாவதாக, ஆய்வகம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு சிறு பராமரிப்புத் தொகையைத் தலைமையாசிரியரே செலவிடும் அதிகாரம்.

பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை தானே ஒரு கணினியைத் தொட்டு இயக்காத பிள்ளைகள் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். நுழைவுத் தேர்வுகளும் வேலைவாய்ப்புத் தேர்வுகளும் கணினித் திரைக்கு மாறிவிட்ட காலம் இது. அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது அதிநவீனக் கருவியல்ல. வாரத்தில் இரண்டு மணி நேரம் தனக்கென்று ஓர் இருக்கை. அந்த இருக்கைகள் ஏற்கெனவே வாங்கப்பட்டு, பூட்டிய அறைகளுக்குள் தூசு படிந்து கிடக்கின்றன. மின்கழிவு என்று அவற்றை ஏலம் விடும் கோப்பில் கையெழுத்திடுவதற்கு முன், ஒரேயோர் அறையில் ஒரு சர்வரை இணைத்துச் சோதித்துப் பார்க்க மாவட்ட நிர்வாகங்கள் முன்வர வேண்டும்.